பாரமும் உயரமும்: கரடுவழி வண்டிக்கு வில் தெரிதல்

பாரத்தையும் அச்சையும் அளந்தறிந்து வண்டி செலுத்துதல் நம்மவர்க்குப் புதிய அறிவன்று. வலியறிதல் என்னும் அதிகாரத்திலே திருவள்ளுவர் வண்டியின் அச்சையும் அதன்மேல் ஏற்றும் பண்டத்தையும் உவமையாக எடுத்தாண்டமையை மாணவர் யாவரும் படித்திருப்பர். மாட்டு வண்டியைக் கண்டு கூறிய அவ்வுண்மை, நான்கு சில்லுகளும் யந்திர வலியால் இயங்கும் இக்கால மோட்டார் வண்டிக்கும் சிறிதும் மாறாது பொருந்துவதாகும். அதனை ஒரு விடயத்தின் வாயிலாக விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் கல்லூரியின் பழைய மாணவருள் வன்னியிலே வயலும் தோட்டமும் செய்வோர் உளர். அவுஸ்திரேலியா முதலிய நாடுகளிற் குடியேறி, விடுமுறை நாட்களிலே மணற்காட்டுக்கும் மலைக்காட்டுக்கும் குடும்பத்தோடு செல்வோரும் உளர். இவ்விரு சாராரிலும் பலர் 'டபிள் கெப்' என வழங்கும் பாரவண்டியை வைத்திருக்கின்றனர். அதனை வாங்கிச் சில மாதங்கள் சென்றதும், வண்டியைச் சற்றே உயர்த்தினால் என்ன என்னும் எண்ணம் அவர்க்கு எழுகின்றது. அவ்வாறு உயர்த்துவதற்கு வேண்டிய வில், அதிர்வடக்கி முதலியவற்றை ஒருசேரப் பொதிந்து விற்பதையே 'லிஃப்ற் கிற்' என்பர். நாம் அதனை உயர்த்தும் தொகுதி என்போம்.

இத்தொகுதிகளை வாங்குவோர் பெரும்பாலும் வினவுவது, "எத்தனை அங்குலம் உயரும்?" என்பதே. அவ்வினா முதலில் வருதல் முறையன்று. "இவ்வண்டி நாள்தோறும் எவ்வளவு பாரம் சுமக்கின்றது?" என்பதே முதல் வினாவாதல் வேண்டும். பாரத்தை அறிந்து அதற்கேற்ற வில்லைத் தெரிந்தால், வேண்டிய உயரம் அதனுடன் தானே வந்துசேரும். உயரத்தை முன்வைத்து வில்லைத் தெரிந்தால், பணம் வீணாவது மாத்திரமன்று; வண்டியில் இருப்போரின் உயிருக்கும் ஊறு நேரலாம்.

வண்டியின் அமைப்பு

எடுத்துக்காட்டாக, நம் நாட்டிலும் அவுஸ்திரேலியாவிலும் பெருக வழங்கும் ரொயோட்டா ஹைலக்ஸ் வண்டியைக் கொள்வோம். 1968ஆம் ஆண்டில் யப்பானிலே தோன்றிய இவ்வண்டிக்கு நான்கு சில்லு இயக்கம் அமைந்தது 1970களின் இறுதியிலாகும். அக்காலத்து வண்டியில் முன்னும் பின்னும் ஒரே துண்டான அச்சும், தகடுகளை அடுக்கிக் கட்டிய தகட்டு வில்லும் இருந்தன. 2004ஆம் ஆண்டில் வெளிவந்த வகையிலும் அதன்பின் 2015ஆம் ஆண்டில் வந்த வகையிலும் முன்புறம் வேறாகும். அங்கே ஒவ்வொரு சில்லும் மேலும் கீழுமாக இரண்டு கரங்களாற் பிடிக்கப்பட்டுத் தனித்தனியே அசைகின்றது. சுருள் வில் ஒன்று அதிர்வடக்கியைச் சூழ்ந்து நின்று பாரத்தைத் தாங்குகின்றது. பின்புறம் மாத்திரம் பழையபடியே ஒரே அச்சும் தகட்டு வில்லுமாக உள்ளது.

வில்லும் அதிர்வடக்கியும் வெவ்வேறு தொழிலுடையன. வில் பாரத்தைத் தாங்குவது. 'சொக் அப்சோபர்' எனப்படும் அதிர்வடக்கியோ பாரத்தைத் தாங்குவதன்று. பள்ளத்தில் இறங்கி எழும் வில் ஓயாது ஆடிக்கொண்டிராமல் அவ்வாட்டத்தை அடக்குவதே அதன் தொழில். இவ்வேற்றுமையை மறந்தோர் அதிர்வடக்கியை மாற்றினால் வண்டி உயருமென எண்ணி ஏமாறுவர்.

உயர்த்துவதால் வருவதும் வராததும்

வண்டியின் உடலை வில்லின் வாயிலாக உயர்த்தினால் மூன்று நன்மைகள் உண்டு. முன்முனை மேட்டில் இடியாது ஏறலாம். பின்முனை உரசாது இறங்கலாம். இரண்டு அச்சுகளுக்கும் நடுவேயுள்ள வயிறு வரம்பிலோ திட்டியிலோ தட்டாது கடக்கலாம். மூன்றாவதை ஒரு கணக்காற் காட்டுவோம். ஹைலக்ஸ் டபிள் கெப்பின் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையேயுள்ள நீளம் 3,085 மில்லிமீற்றர். வயிற்றின் நடுப்பகுதி தரையிலிருந்து 250 மில்லிமீற்றர் உயரத்தில் உள்ளதெனக் கொண்டால், அது தட்டாமற் கடக்கக்கூடிய மேட்டின் கோணம் ஏறக்குறைய 18 பாகை. 50 மில்லிமீற்றர் உயர்த்தினால் அஃது ஏறக்குறைய 22 பாகையாகும். காட்டுப் பாதையிலே இந்த நான்கு பாகை சிறிதன்று.

ஆயினும், பின்னச்சின் நடுவே குடம்போற் பருத்து நிற்கும் டிபரென்சியல், வில்லை எவ்வளவு உயர்த்தினும் ஒரு மயிரிழையும் உயராது. அது சில்லுகளோடு பிணைந்தது; வில்லுக்குக் கீழே உள்ளது. அதனை உயர்த்தவல்லது பெரிய ரயர் ஒன்றே. அதிலும் ரயரின் விட்டம் கூடும் அளவிற் பாதியே தரையிலிருந்து உயரமாகக் கிடைக்கும். ஹைலக்ஸ் வகைகள் சிலவற்றில் வரும் 265/65 ஆர் 17 என்னும் ரயரின் விட்டம் ஏறக்குறைய 776 மில்லிமீற்றர். அதற்குப் பதிலாக 265/70 ஆர் 17 பூட்டினால் விட்டம் ஏறக்குறைய 803 ஆகும். டிபரென்சியல் பெறும் உயரமோ 13 மில்லிமீற்றர் மாத்திரமே. சில்லு ஒரு சுற்றிற் செல்லும் தூரமும் நூற்றுக்கு மூன்று பங்குக்கு மேற் கூடுதலால், வேகமானி உண்மை வேகத்தைக் குறைத்துக் காட்டவும் கூடும். ஆகவே, வண்டி எங்கே தட்டுகின்றது என்பதை முதலில் அறிதல் வேண்டும். வயிறு தட்டினால் வில். டிபரென்சியல் தட்டினால் ரயர். சேற்றிலோ மணலிலோ சில்லு வீணே சுழல்வதுதான் குறையெனில் இரண்டும் வேண்டா. நல்ல ரயரும், காற்றைக் குறைத்து ஓட்டும் பழக்கமுமே போதும். தெருவிலே சதுர அங்குலத்துக்கு 35 இறாத்தல் காற்றுடன் ஓடும் ரயரை, மணலில் 18 முதல் 20 இறாத்தல் வரை இறக்கி மெதுவாகச் செல்வது வழக்கம். அதற்குச் செலவு ஏதுமில்லை. தெருவுக்கு மீண்டதும் காற்றை நிரப்ப மறத்தலாகாது.

உயரத்துக்குக் கொடுக்கும் விலை

நன்மை கண்ட இடத்தில் அதற்கீடான இழப்பையும் காணுதல் அறிவுடையோர் கடன். உடல் உயர அதன் புவியீர்ப்பு மையமும் உயரும். இடச்சில்லுக்கும் வலச்சில்லுக்கும் இடையேயுள்ள அகலத்தை மையத்தின் உயரத்தின் இருமடங்கால் வகுத்துவரும் எண்ணைக் கொண்டு, வண்டி கவிழுந் தன்மையை மதிப்பிடுவர். அமெரிக்க அரசின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவனம் இவ்வெண்ணை 2001ஆம் ஆண்டு முதல் புதிய வண்டிகளைத் தரப்படுத்தக் கையாண்டு வருகின்றது. அகலம் 1,540 மில்லிமீற்றர் எனவும் மையத்தின் உயரம் 700 எனவும் வைத்தால் அவ்வெண் 1.10. வண்டியை 50 மில்லிமீற்றர் உயர்த்தினால், அச்சும் சில்லும் உயராமையால், மையம் 40 அளவில் உயரும் என்க, எண் 1.04 ஆகும். 100 மில்லிமீற்றர் உயர்த்தினால் மையம் 780ஐ எட்ட, எண் ஒன்றுக்குக் கீழே இறங்கும். ஒன்று என்பதன் பொருள், வண்டியின் நிறைக்குச் சமமான பக்க விசையே அதனைக் கவிழ்க்கப் போதும் என்பதாகும். திருப்பத்திலே வில் சாய்வதாலும், சில்லு கல்லிலோ தெருவோரத்திலோ இடறுவதாலும், உண்மையில் அதனினும் குறைந்த விசையே போதியதாகும். கூரைமேற் பாரம் கட்டினால் நிலைமை இன்னும் மோசமாகும்.

இரண்டாவது இழப்பு முன்சில்லைச் சார்ந்தது. துவிச்சக்கர வண்டியின் முன்கவை சற்றே பின்சாய்ந்து நிற்பதை நாம் காண்கின்றோம். கையை விட்டு ஓட்டும்போதும் அது நேரே செல்வதற்கு அச்சாய்வும் ஒரு காரணம். மோட்டார் வண்டியின் முன்சில்லும் இவ்வாறு சாய்ந்த ஓர் அச்சைப் பற்றியே திரும்புகின்றது. அச்சாய்வைத் தொழிலாளர் 'காஸ்ரர்' என்பர். முன்புறத்தை உயர்த்தும்போது பெரும்பாலும் இச்சாய்வு குறையும். அதனைத் திருத்தாது விட்டால் ஸ்ரியறிங் தானே நேர்நிலைக்கு மீளாது. நெடுந்தெருவிலே வண்டி அலையும். 50 மில்லிமீற்றர் அளவுக்குள் இருந்தால் தொழிற்சாலை அமைத்த திருகாணிகளைக் கொண்டே இதனைப் பெரும்பாலும் சரிசெய்யலாம். அதற்கு மேற்போனால், கோணம் மாற்றி அமைத்த மேற்கரங்கள் வேண்டியனவாகும்.

மூன்றாவது, சில்லுக்கு வலியைக் கொண்டுசெல்லும் தண்டுகளின் வளைவு. முன்சில்லு உடலை விட்டுக் கீழே தள்ளப்படுவதால் அதன் தண்டிலுள்ள மூட்டுகள் மிகையாக வளைந்து சுழல நேரும். மூட்டை மூடிய இறப்பர் உறை மடிந்து கிழியும், மணல் புகும், மூட்டு விரைவில் தேயும். பின்னாலுள்ள நீண்ட தண்டின் கோணமும் மாறி, சில வண்டிகளில் அதிர்வு உண்டாகும். இக்காரணங்களாலேயே தனித்தசையும் முன்சில்லுள்ள வண்டியை 50 மில்லிமீற்றர் அளவோடு நிறுத்திக்கொள்வது நன்று எனக் கூறுகின்றோம். 100, 150 மில்லிமீற்றர் உயர்த்தும் தொகுதிகளும் உண்டு. அவை கரங்களையும் முன் டிபரென்சியலையும் தாங்கும் சட்டங்களையே கீழிறக்கி அமைப்பன. வெட்டியும் ஒட்டியும் பூட்ட நேர்வன. விளையாட்டுக்கென வேறு வண்டி வைத்திருப்போர்க்கே அவை தக்கன. குடும்பமும் பாரமும் சுமக்கும் ஒரே வண்டிக்கு அவை தகா.

வில்லின் கணக்கு

ஆய்வுகூடத்திலே விற்றராசில் நிறைகளைத் தொங்கவிட்டு ஊக்கின் விதியைச் சோதிக்கும் மாணவன், உயர்த்தும் தொகுதியைத் தெரிவதற்கு வேண்டிய பௌதிகத்தைக் கற்றவனாவான். வில் அமிழும் அளவு அதன்மேல் உள்ள பாரத்துக்கு நேர்விகிதமானது என்பதே அவ்விதி. பின்னுள்ள இரண்டு வில்லுகளும் சேர்ந்து ஒரு மில்லிமீற்றர் அமிழ 6 கிலோகிராம் வேண்டும் என வைப்போம். 50 கிலோ உரப்பை ஆறு ஏற்றினால், பாரம் முழுவதும் பின்னச்சின்மேல் விழும்போது, பின்புறம் 50 மில்லிமீற்றர் அமிழும். அவ்விடத்து, மில்லிமீற்றருக்கு 10 கிலோகிராம் வேண்டும் வன்மையான வில்லை இட்டால் 30 மில்லிமீற்றரே அமிழும். நாள்தோறும் அப்பாரம் சுமப்பவனுக்கு இவ்வில் நல்லது. வெறுவண்டியாக ஓட்டுபவனுக்கோ அது தீது: பள்ளத்தில் வில் அமிழாது, சில்லு துள்ளி நிலத்தை விடும், நிலத்தை விட்ட சில்லுக்குப் பிறேக்கும் இல்லை, பிடிப்பும் இல்லை.

ஆதலால் நல்ல தொகுதிகளைச் செய்வோர் ஒரே உயரத்துக்குப் பல வன்மையுள்ள வில்லுகளை விற்கின்றனர். 1975ஆம் ஆண்டில் மெல்பேணிலே தொடங்கிய ஏ.ஆர்.பி. என்னும் நிறுவனத்தின் 'ஓல்ட் மான் ஈமு' வில்லுகள் இவ்வாறு பாரத்தைக் கொண்டே வகுக்கப்பட்டவை. முன்புறத்தில் இரும்புத் தடுப்பும் மின்னாற் சுழலும் வடக்கப்பியும் பூட்டியிருந்தால், அவை இரண்டுமே நூறு கிலோகிராமை அணுகும். அதற்கேற்ற முன்வில் வேண்டும். தடுப்பில்லாத வண்டிக்கு அதே வில்லை இட்டால், மூக்கு நிமிர்ந்து நிற்கும், ஓட்டமும் கடினமாகும்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் அகற்றல் வேண்டும். வில்லின் இருக்கையைத் திருகி உயர்த்தக்கூடிய முன் அமைப்புகள் சில விற்கப்படுகின்றன. திருகினால் வண்டி உயரும் என்பது மெய். வில்லின் வன்மை கூடும் என்பது பொய். சில்லு கீழே தொங்குவதற்கு எஞ்சியிருந்த இடத்தை எடுத்தே அவ்வுயரம் பெறப்படுகின்றது. அளவு மீறித் திருகினால் ஒவ்வொரு பள்ளத்திலும் அதிர்வடக்கி தன் எல்லையில் மோதி ஒலி எழுப்பும்.

இன்னும் ஒன்று. வன்மையான வில்லைப் பூட்டியதால், வண்டியின் தகட்டிற் பொறித்துள்ள மொத்த நிறை எல்லை கூடிவிடாது. அச்சும் பிறேக்கும் ரயரும் அடிச்சட்டமும் பழையனவே. பின்புறம் தாழாது நிமிர்ந்து நிற்பதைக் கண்டு, இன்னும் ஏற்றலாம் எனத் துணிவதே பெருங்கேடு. பின்னச்சுக்கு அப்பால் நீண்ட சுமையும், தகட்டு வில்லின்மேற் காற்றுப்பையும் வைத்து அளவிறந்து ஏற்றிய டபிள் கெப்களின் அடிச்சட்டம் இருக்கைக் கூட்டின் பின்னால் வளைந்துபோன நிகழ்ச்சிகள் அவுஸ்திரேலியாவின் உள்நாட்டுப் பாதைகளிலே பல உண்டு.

தொகுதிகளின் வகை

விலை குறைந்தது இடைக்கட்டை. சுருள் வில்லின் தலைக்கு மேலே ஒரு வளையத்தை இட்டு வண்டியை உயர்த்துவர். கரத்தின் நடுவே வில் நிற்பதால், 25 மில்லிமீற்றர் வளையம் சில்லின் இடத்தில் ஏறக்குறைய 50 மில்லிமீற்றர் உயரம் தரும்; இதை அறியாது 50 மில்லிமீற்றர் வளையம் வாங்குதல் பேரிடர். வில்லும் அதிர்வடக்கியும் பழையனவாகவே இருத்தலின், பாரத்துக்கு இதனால் ஒரு பயனும் இல்லை. சில்லு முன்னையினும் கீழே தொங்க நேர்வதால் பந்து மூட்டும் தண்டின் மூட்டும் தம் எல்லையைக் கடந்து வளையும்.

பின்புறத்தில் அச்சுக்கும் தகட்டு வில்லுக்கும் இடையே கட்டை வைப்பதும் உண்டு. சிறிய கட்டை ஒன்று பொறுக்கத்தக்கது. கட்டைமேற் கட்டை அடுக்குதல் ஒருபோதும் ஆகாது. பழைய வண்டிகளின் முன்னச்சிலே கட்டை வைத்தல் கூடவே கூடாது. ஸ்ரியறிங்கும் பிறேக்கும் தரும் முறுக்கால் அது நழுவினால் வண்டி ஓட்டுவோன் கைவசம் இராது. வில்லின் நுனியிலுள்ள தொங்குவளையத்தை நீட்டுவது மற்றொரு முறை. நீட்டிய அளவிற் பாதியே உயரமாகக் கிடைப்பதோடு, பின்னச்சின் கோணமும் மாறும். அடிச்சட்டத்துக்கும் உடலுக்கும் இடையே கட்டை வைத்து உடலை மாத்திரம் தூக்குவதும் உண்டு. பெரிய ரயருக்கு இடம் கிடைக்குமேயன்றி, அடிச்சட்டம் தரையிலிருந்து சிறிதும் உயராது.

முழுத்தொகுதியே தெரிதற்குரியது. அதில் முன் சுருள் வில் இரண்டும், பின் தகட்டு வில் இரண்டும், நான்கு அதிர்வடக்கிகளும், புதிய இறப்பர் புஷ்களும், அச்சைக் கட்டும் புதிய வளைதிருகாணிகளும் இருத்தல் வேண்டும். அதிர்வடக்கிகள் உயர்ந்த வண்டிக்கேற்ற நீளமுடையனவாதல் இன்றியமையாதது. பழைய அதிர்வடக்கி உயர்ந்த வண்டியில் எப்பொழுதும் பாதி நீட்டியே நிற்கும். சில்லு சிறிது இறங்கினாலும் அது தன் முடிவில் இடிக்கும். தகரக்கூரை போல் அலையலையாய்க் கிடக்கும் கிரவல் தெருவிலே நெடுந்தூரம் செல்வோர் மற்றொன்றையும் நோக்குதல் வேண்டும். அதிர்வடக்கி ஆட்டத்தை வெப்பமாக மாற்றுவது. வெப்பம் மிகுந்து எண்ணெய் நுரைத்தால் அது தன் தொழிலை இழக்கும். நைதரசன் வாயுவின் அமுக்கத்தால் நுரையைத் தடுப்பனவும், எண்ணெய் மிகுதியாகக் கொள்ளும் பருத்த உடலுடையனவும் அவ்விடத்து உதவும்.

வாங்கு முன்னும் பூட்டும் வேளையிலும்

முதலில், வழக்கமான பாரத்தோடும் ஆட்களோடும் எரிபொருளோடும் வண்டியை வாகனத் தராசில் ஏற்றி, முன்னச்சையும் பின்னச்சையும் தனித்தனியே நிறுத்தறிக. இரண்டாவதாக, ஒவ்வொரு சில்லின் நடுவிலிருந்தும் மேலேயுள்ள மட்காட்டின் விளிம்பு வரை அளந்து குறித்துக்கொள்க. நிலத்திலிருந்து அளத்தல் ரயரின் தேய்வாலும் காற்றாலும் பிழைபடும். நிறையையும் அளவையும் விற்பவரிடம் காட்டி வில்லைக் கேட்க. அவற்றைப் பற்றி ஒரு வினாவும் வினவாது அங்குலத்தை மாத்திரம் கூறி விற்பவரிடம் வாங்காது மீள்வதே நலம்.

பூட்டும்போது, இறப்பர் புஷ்களின் ஆணிகளை வண்டி தூக்கிய நிலையில் இறுக்குதல் பிழை. வண்டியைச் சில்லின்மேல் நிறுத்தி, அதன் பாரம் வில்லின்மேல் விழுந்தபின் இறுக்குதல் வேண்டும். அன்றேல் இறப்பர் எப்பொழுதும் முறுகி நின்று விரைவிற் கிழியும். சில நூறு கிலோமீற்றர் ஓடியபின் வளைதிருகாணிகளை மீண்டும் இறுக்குக. சில்லுகளின் கோணத்தை யந்திரத்தில் வைத்துத் திருத்துக. சில்லு முழுவதும் தொங்கும்போது பிறேக் குழாய் இழுபடாதிருக்கின்றதா என நோக்குக. ஹைலக்ஸ் வகைகள் பலவற்றில், பின்புறம் எவ்வளவு அமிழ்ந்துள்ளது என்பதைக் கொண்டு பின்பிறேக்கின் விசையைக் கூட்டியும் குறைத்தும் விடும் அடைப்பிதழ் ஒன்று உண்டு. வண்டியை உயர்த்தினால், பாரம் ஏற்றியிருக்கும்போதும் வெறுவண்டி என அது மயங்கிப் பின்பிறேக்கைக் குறைத்துவிடும். அதன் பிடியையும் அதே அளவு உயர்த்தி அமைத்தல் கட்டாயமாகும். முன்விளக்குகளைத் தாழ்த்தி அமைத்தல் எதிரே வருவோர்க்கு நாம் செய்யும் கடமை.

சட்டத்தையும் மறத்தலாகாது. அவுஸ்திரேலியாவில் இத்தகைய மாற்றங்களுக்கு வி.எஸ்.பி. 14 என்னும் தேசிய நடைமுறைக் கோவை உண்டு. மாநிலந்தோறும் விதிகள் சிறிது வேறுபடும். தாங்கும் அமைப்பால் 50 மில்லிமீற்றரும், ரயரால் 25 மில்லிமீற்றருமாக 75 மில்லிமீற்றர் வரையே சில மாநிலங்கள் பொறியியலாளர் சான்றின்றி ஏற்கின்றன. எந்நாட்டில் வாழ்வோரும் தத்தம் போக்குவரத்து அலுவலகத்திலே விசாரித்தறிவதும், காப்புறுதி நிறுவனத்துக்கு முன்னரே எழுத்தில் அறிவிப்பதும் கடன். அறிவியாத மாற்றத்தைக் காட்டி இழப்பீட்டை மறுத்தால் நட்டம் நமதே.

வண்டி மீண்டு வந்த முதல் நாளில் அதனைப் புதிய வண்டியாகவே கருதி ஓட்டுக. ஆளற்ற நேரான தெருவிலே, முதலில் வெறுமையாகவும் பின்னர் வழக்கமான பாரத்தோடும், பிறேக்கையும் திருப்பத்தையும் மெதுவாகச் சோதித்த பின்னரே மனைவி மக்களை ஏற்றுக. வயலிலிருந்து மூடையோடும், பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகளோடும் அதே வண்டியிலேதான் நாம் வீடு திரும்புகின்றோம். அயலாரின் வண்டி நம்முடையதிலும் ஒரு சாண் உயர்ந்து நிற்கலாம். அதைக் கண்டு மயங்காது, தன் பாரத்தைத் தராசில் நிறுத்தறிந்தவன் தெரியும் வில்லே அவனுக்குத் தக்க வில்லாகும்.